பங்குக்கு விட்ட குதிரை

என் குதிரையின் முதுகில் அடுத்தவர் ஏறினால்தான் அது பிழைக்கும் என்று முதலில் சொன்னவர் மாட்டு டாக்டர். அன்று காலையிலிருந்து அவள், அதாவது என் பெண்குதிரை, வயிறு இறுகி, மணலில் படுத்து உருண்டு, எழுந்து, மறுபடி படுத்து எங்கள் உயிரை வாங்கிவிட்டாள். இரண்டு ஊசிக்குப் பிறகு ஒருவழியாக லத்தி போட்டுவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் கொள்ளு எங்கே என்று பார்த்தாள்.

டாக்டர் குழாயடியில் கை கழுவிக்கொண்டே சொன்னார்: “இதுக்கு நோயே கெடையாதும்மா. நின்னு நின்னு வந்த கேடு. தெனமும் ஓடணும். ஒங்களால ஓட்ட முடியலன்னா ஓட்டுத ஆளுகிட்ட குடுத்துருங்க. இன்னொரு தடவ இப்படி வந்துச்சுன்னா நான் வந்தும் பிரயோசனம் இல்ல.”

எனக்குக் கோபம் மூக்குமேல் இருக்கும். அதிலும் சொல்கிறவர் சொல்வது சரியாக இருந்துவிட்டால் இரண்டு மடங்காக வரும். அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டு, நன்றி சொல்லி அனுப்பிவிட்டு, உள்ளே வந்து வாளியை எட்டி உதைத்தேன்.

நான் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை பார்க்கிறேன். என் கணவர் கப்பல்காரர். வருஷத்தில் பாதிக்குமேல் கடலில்தான். பிள்ளை படிக்க வெளியூர் போன பிறகு சாயங்காலம் ஆனால் வீடு என்னைக் கடித்துத் தின்னும். அப்போதுதான், நாற்பது தாண்டிய வயதில், திருச்செந்தூர் ரோட்டில் செம்மண் காட்டுக்குள் இருக்கும் ஒரு குதிரைப் பள்ளியில் சேர்ந்தேன். நடத்துகிறவர் நாசரேத்துக்கார அம்மா. பி.டி. டீச்சராக இருந்து, வேலையை விட்டுவிட்டுக் குதிரை வளர்க்க வந்தவர். ஊரே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடும். அவர் குரலைக் கேட்டால் குதிரைகள் வயிற்றை எக்கிக்கொண்டு நிற்கும். நானும் அப்படித்தான் நின்றேன்.

ஓரளவு ஓட்டப் படித்ததும் எனக்குத் தலைக்கனம் வந்துவிட்டது. உடன்குடிப் பக்கம் ஒருவர் பந்தய வண்டியில் பூட்டி வந்த செவலைக் குதிரையை விற்கப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். கொட்டுச் சத்தம் கேட்டால் மிரண்டு வண்டியைப் பனங்காட்டுக்குள் இழுத்துக்கொண்டு போகிறதாம், பந்தயத்துக்கு ஆகாதாம். சங்கிலி எடுக்க வைத்திருந்த பணத்தைக் கொண்டுபோய் அதை வாங்கினேன். எங்கள் தெருவில் அதற்கு மூன்று மாதம் சிரித்தார்கள். “கழுத்துல போடுததுக்குப் பதிலா கழுத்த ஒடிக்கதுக்கு வாங்கியிருக்கா” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. அவள் சொல்லி வாய் மூடவில்லை, ஒரு கல்யாணப் பேண்டு சத்தத்துக்குச் செவலை மிரண்டு என்னைக் கள்ளிப் புதரில் போட்டுவிட்டு வீட்டுக்குத் தனியாக வந்து சேர்ந்தது. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்பது அன்றைக்கு எனக்காகவே சொன்னதுபோல் இருந்தது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். வேறு எதன்மேலும் எனக்கு இத்தனை ஆசை வந்ததில்லை.

குதிரையை வீட்டுக்குப் பின்னால், அப்பா காலத்தில் வலை காயப் போட்ட இடத்தில் கட்டினேன். டீச்சர் அப்போதே கேட்டார்: “வீட்டுல கட்டிப்போட அது என்ன ஆடா?” நான் காதில் வாங்கவில்லை. முதலில் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. பிறகு ஆபீசில் என்னைப் பேப்பர் வேலையிலிருந்து எடுத்துக் கப்பல் வரத்துப் பிரிவில் போட்டார்கள். கப்பல் நம் கடிகாரம் பார்த்து வருவதில்லை. அது எப்போது துறைமுக மேடைக்கு வருகிறதோ அப்போது நான் இருக்க வேண்டும். குதிரை நின்றது. நின்று நின்று வயிறு பெருத்து, கழுத்து தடித்து, காது பின்னால் போய், கடைசியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தது.

உடன்குடிக்காரர் எப்படியோ கேள்விப்பட்டு, திருப்பி வாங்கிக்கொள்கிறேன் என்று ஆள் அனுப்பினார். செவலையின் பின்தொடையில் அவருடைய சாட்டைத் தழும்பு இன்னும் இருக்கிறது. வந்த ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டேன். பிறகு வெட்கத்தைச் சுருட்டி வைத்துவிட்டு டீச்சரிடம் போனேன்.

அவர் குத்திக்காட்டவில்லை. ‘வொர்க்கிங் லிவரி’ என்று ஒன்று உண்டு என்று விளக்கினார். குதிரை என்னுடையதுதான். ஆனால் அவருடைய லாயத்தில் நிற்கும். தீனி, தண்ணீர், லாடம், தேய்ப்பு எல்லாம் அவர் பொறுப்பு. பதிலுக்குப் பள்ளிக்கு வருகிற பிள்ளைகள் அதில் ஏறிப் படிப்பார்கள். எனக்கென்று பேசிவைத்த நேரத்தில் நான் வந்து ஓட்டிக்கொள்ளலாம். “குதிரைக்கும் ஓட்டம் கெடைக்கும், ஒங்களுக்கும் பாரம் கொறையும். யோசிச்சுச் சொல்லுங்க” என்றார்.

என்ன யோசிக்க? எங்கள் பக்கத்துப் பாஷையில் இது பங்குக்கு விடுகிறது. அப்பா வள்ளத்தைப் பங்குக்கு விட்டிருக்கிறார். வள்ளம் நம்முடையது, ஓட்டுகிறவன் வேறு ஆள், வருகிற மீனில் வள்ளத்துக்கு ஒரு பங்கு. சில வள்ளம் பூப்போல் திரும்பி வரும். சிலது பலகை விட்டுப்போய் வரும். ஆனால் வள்ளத்துக்கு வாய் வலிக்காது. குதிரைக்கு வலிக்கும். படிக்க வருகிற பிள்ளை பயத்தில் லகானைப் பிடித்துத் தொங்கும். தொங்கத் தொங்கக் குதிரையின் வாய் மரத்துப்போகும். இடுப்பில் இடிப்பார்கள், பிடரியைப் பிய்ப்பார்கள், போட்டோ எடுப்பார்கள். இதற்கெல்லாம் மேலே ஒரு பயம் இருந்தது. ஊரெல்லாம் ஏறி இறங்கின பிறகு, அவளுக்கு நான் யார்?

இதை யாரிடமும் சொல்லவில்லை. கப்பலிலிருந்து கணவர் பேசும்போது மட்டும் வாய் தவறிச் சொல்லி அழுதுவிட்டேன். அந்த மனுஷன் சிரித்தார்.

“ஏளா, நான் மட்டும் என்னவாம்? தீனி கப்பல்காரன் போடுதான், படுக்க எடம் அவன் குடுக்கான், வேல அவன் வாங்குதான். லீவுக்கு மட்டும் ஒங்கிட்ட வாரேன். அதுக்காவ நான் கப்பல்காரனுக்குச் சொந்தமா ஆயிட்டேனா? ஒங்கிட்ட வாரப்போ ஒன்னய யாருன்னு கேட்டிருக்கேனா?”

“நீங்களும் குதிரையும் ஒண்ணா?”

“இல்லியே. குதிரைக்குச் செலவு ஜாஸ்தி.”

போனை வைத்த பிறகும் சிரித்துக்கொண்டே இருந்தேன். மறுநாள் டீச்சரிடம் சரி என்றேன், ஒரே ஒரு நிபந்தனையோடு. ஞாயிற்றுக்கிழமை செவலைமேல் பிள்ளைகள் ஏறக் கூடாது, நான் மட்டும்தான்.

எங்கள் கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமை வள்ளம் தொழிலுக்குப் போகாது. முந்தின நாள் வலையில் வாளை மீனாய்க் கொட்டியிருந்தாலும் போகாது. பூசைக்குப் போவோம், கறி எடுப்போம், மல்லாந்து தூங்குவோம். அதை மாற்றச் சொல்லி எந்த வியாபாரி வந்தாலும் எங்கள் ஆட்களிடம் பேச்சு வாங்கிக்கொண்டுதான் போவான். எனக்கும் அது ரத்தத்தில் ஊறியது. வாங்கின நாளிலிருந்து செவலைக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை கொடுத்ததில்லை.

டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார். குதிரைப் பள்ளிக்கு ஞாயிற்றுக்கிழமையில்தான் உயிர் இருக்கிறது. பள்ளிக்கூடம் லீவு, அப்பாமார் வீட்டில் இருப்பார்கள், காரில் கூட்டிக்கொண்டு வருவார்கள்.

“நானும் கோயிலுக்குப் போறவதான். ஆராதன முடிஞ்சு சாயங்காலந்தான கிளாஸு? குதிரைக்கு ஞாயித்துக்கெழம தெரியுமா?”

“எங்கப்பா வள்ளத்துக்கு மட்டும் தெரிஞ்சுதா டீச்சர்?”

“சரி, அன்னைக்கு நீங்க ஓட்டுனா அது வேல இல்லையா?”

“வள்ளம் தொழிலுக்குத்தான் போகாது. திருவிழாவுக்கு மாமன் மச்சினனை ஏத்திக்கிட்டுப் போவுமே.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பரீட்சார்த்தமாக ஒரு மாதம் ஞாயிற்றுக்கிழமை இல்லாமல் ஓட்டிப் பார்ப்போம், பிறகு பேசலாம் என்றார். லோடு வண்டியில் செவலையை ஏற்றி அனுப்பிவிட்டு, காலியான இடத்தில் கிடந்த வைக்கோலைக் கூட்டி அள்ளும்போது மனசு ஒரு மாதிரி இருந்தது.

ஆரம்பமே கோணல். ஆபீசில் கொஞ்சம் நேரம் கிடைத்தாலும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய் வேலி ஓரம் நின்றுவிடுவேன். களத்தில் ஏதாவது ஒரு பிள்ளை செவலைமேல் உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருக்கும். “லகானை இழுக்காத! குதிகாலைக் கீழ விடு! அது வாயி, பஸ்ஸு கம்பி இல்ல!” என்று கத்துவேன். செவலை என் குரலைக் கேட்டதும், முதுகில் பிள்ளை இருப்பதைப் பற்றிக் கவலையே இல்லாமல், நேராக நடந்து வேலிக்கு வந்து என் கைப்பைக்குள் மூக்கை விடும். பிள்ளை அழும். எனக்கு உள்ளூரக் குளிரும். பார்த்தீர்களா, அவளுக்கு நான் யார் என்று தெரிகிறது.

நாலைந்து தரம் இப்படி நடந்தது. டீச்சர் களத்தைக் கடந்து வந்தார். “நீங்க இங்கன நிக்கப்பிடாது. ஞாயித்துக்கெழம வாங்க. மத்த நாள்ல இந்தப் பக்கமே வராதிய.”

“என் குதிர டீச்சர்.”

“ஆமா. ஆனா இது என் களம்.”

அன்று ராத்திரியே குதிரையைக் கூட்டி வந்துவிடுவது என்று முடிவு செய்தேன். போனில் கணவரிடம் சொன்னேன். அவர் மெதுவாகக் கேட்டார்: “ஒங்கப்பா கரையில நின்னு கத்துவாவளே, ஞாபகம் இருக்கா?”

இல்லாமலா? எங்கள் வழக்கத்தில் வள்ளத்துக்குச் சொந்தக்காரர் சம்மாட்டி. கடலில் அதை ஓட்டிப்போகிறவர் தண்டல். கரையைவிட்டு நகர்ந்த நிமிஷத்திலிருந்து தண்டல் சொல்கிறதுதான் பேச்சு. சம்மாட்டியே ஏறி உட்கார்ந்திருந்தாலும் வாயைப் பொத்திக்கொண்டுதான் இருக்க வேண்டும். அப்பாவுக்கு அது மட்டும் வராது. அலையில் இடுப்பளவு நின்றுகொண்டு, வள்ளம் காது கேட்காத தூரம் போன பிறகும், அந்தப் பக்கம் வலி, இந்தப் பக்கம் திருப்பு என்று கத்திக்கொண்டே இருப்பார். கடற்கரையே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன். கடலே பார்க்காத செம்மண் காட்டில் வேலியைப் பிடித்துக்கொண்டு அதையே நானும் செய்திருக்கிறேன் என்று நினைத்ததும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. குதிரையைக் கூட்டி வரவில்லை. வாரநாட்களில் அந்தப் பக்கம் போவதையும் நிறுத்தினேன். எவ்வளவு கஷ்டப்பட்டேன் என்பது என் பல்லுக்குத்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் போவேன். செவலையை நடத்திக்கொண்டுபோய் மணலில் புரள விடுவேன், குளிப்பாட்டுவேன், கொஞ்ச தூரம் ஏறிப் போய்வருவேன். அவள் வயிறு மேலே ஏறியிருந்தது. கழுத்துக் கொழுப்பு கரைந்து, பின்தொடையில் சதை கட்டி, தோல் எண்ணெய் தேய்த்ததுபோல் மின்னியது. சந்தோஷமாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. இதை என்னால் செய்ய முடியவில்லையே.

மாதம் முடிந்தது. டீச்சர் சுற்றி வளைக்காமல் சொன்னார்: “நல்ல குதிர. பிள்ளையளுக்குப் பிடிச்சுப்போச்சு. ஆனா ஞாயித்துக்கெழமயும் வேணும். இல்லன்னா எனக்குக் கட்டாது. ஒரு லாயம் அடைஞ்சு கெடக்கு பாருங்க.”

“அப்ப நான் கூட்டிட்டுப் போறேன்.”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று புரிந்தது. கூட்டிக்கொண்டு போய் எங்கே நிறுத்த? அதே வலைக் களத்திலா? மறுபடி அந்த வயிறா? வாயிலிருந்து வந்த சொல்லை விழுங்க எனக்குத் தெரியாது. சேணத்தைப் போட்டேன், ஏறினேன், அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன். டீச்சர் தடுக்கவில்லை. கிளாசுக்கு வந்த பிள்ளைகள் வேலி ஓரம் வரிசையாக நின்று பார்த்தன. யாரும் கையாட்டவில்லை.

மெயின் ரோட்டில் லாரி ஓடும் என்பதால் கடலோர மண்பாதையில் திருப்பினேன். முள் நிறைந்த உடைமரங்களைத் தாண்டி ஒரு சின்னக் குப்பத்தை நெருங்கும்போது காதில் விழுந்தது. பேண்டு. அந்த ஊர் மாதா கோயில் சப்பரம் வந்துகொண்டிருந்தது. முன்னால் பெரிய டிரம், அதற்குப் பின்னால் ஊதுகிற கூட்டம், பக்கத்தில் ஒருவர் சரவெடியைப் பற்றவைத்துக்கொண்டு வருகிறார். பாதையில் ஒரு பக்கம் வீட்டுச் சுவர், மறுபக்கம் கட்டுமரங்கள். திரும்ப இடமில்லை. இறங்கலாம் என்று நினைப்பதற்குள் முதல் வெடி வெடித்தது. மாதாவே, இந்தக் கூட்டத்துக்குள் இது பாய்ந்தால் எத்தனை பேர் மிதிபடுவார்கள் என்றுதான் தோன்றியது.

செவலை ஒரு காதைத் திருப்பினாள்.

அவ்வளவுதான். டிரம் எங்கள் முழங்கால் அருகே வந்து இடித்துக்கொண்டு போனது. சரவெடி காலடியில் புகைந்தது. ஒரு குழந்தை கூட்டத்திலிருந்து ஓடிவந்து அவள் வாலைப் பிடித்து இழுத்தது, அதன் அம்மா அலறினாள். செவலை மூச்சு விட்டாள், பின்காலை மாற்றி வைத்தாள், வேலை நேரத்தில் வெற்றிலை போடும் ஆள் மாதிரி கடிவாளத்தை மென்றுகொண்டு நின்றாள். பேண்டு சத்தத்துக்கு என்னைக் கள்ளியில் தூக்கிப்போட்டவள் இவள். பந்தய வண்டியைப் பனங்காட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனவள். கத்துகிற, அழுகிற, பலூன் உடைக்கிற, கூட்டமாகப் பிறந்தநாள் கொண்டாட வருகிற பிள்ளைகளிடம் ஒரு மாதம் இருந்துவிட்டு இப்படி வந்து நிற்கிறாள். நான் ஆயிரம் தரம் தட்டிக்கொடுத்தும் போகாத பயத்தை, லகானைப் பிடித்துத் தொங்கின அந்தக் குரங்குகள் போக்கிவிட்டன.

சப்பரம் என் எதிரே வந்ததும் சிலுவை போட்டுக்கொண்டேன். தூக்கி வந்தவர்களில் ஒரு அண்ணாச்சி, “குதிரையில ராணி கணக்கா நிக்கியளே!” என்றார். ராணியாகத்தான் இருந்தேன். கண்ணில் தண்ணீர் வழிந்தது, துடைக்கக்கூட இல்லை.

கூட்டம் கடந்ததும் கடற்கரை மணலில் இறக்கி அவளைத் திருப்பினேன். வீட்டுப் பக்கம் இல்லை, வந்த பக்கம். லேசாகக் காலை அழுத்தினேன். முன்பெல்லாம் உதைத்து உதைத்து என் குதிகால் வலிக்கும். இப்போது நினைத்ததும் கிளம்பினாள். ஈர மணலில் குளம்பு தடதடக்க, காற்று முகத்தில் அறைய, என் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பயமில்லாமல் ஒரு குதிரையை முழு ஓட்டம் ஓடவிட்டேன். கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. வலை பின்னிக்கொண்டிருந்த இரண்டு பேர் எழுந்து நின்று கை தட்டினார்கள். பக்கத்து வீட்டுக்காரி பார்க்கவில்லையே என்பது மட்டும்தான் குறை.

பள்ளி வாசலில் நாங்கள் நுரை தள்ளிக்கொண்டு நுழைந்தபோது கிளாஸ் பாதியில் நின்றுவிட்டது. பிள்ளைகள் வேலிமேல் ஏறின. டீச்சர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தார். நான் இறங்காமலே பேசினேன். இறங்கினால் தைரியம் போய்விடும்.

“ஆறு நாள் எடுத்துக்கோங்க. வருஷம் பூரா எடுத்துக்கோங்க. வேலிகிட்ட வரமாட்டேன், வாயத் தெறக்க மாட்டேன். ஞாயித்துக்கெழம மட்டும் தரமாட்டேன். ஞாயித்துக்கெழமயும் ஓடுன ஒங்க மத்த குதிரையெல்லாம் திங்கக்கெழம எப்பிடி நிக்கி, இவ எப்பிடி நிக்கான்னு நீங்களே சொல்லுங்க டீச்சர்.”

அவர் செவலையின் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார். காலைத் தடவினார். பிறகு திரும்பி வேலிமேல் தொற்றிக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்தார். எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு எங்களையே பார்த்தன.

“திங்கக்கெழம இவதான் மொத ஆளா வந்து நிப்பா. மத்ததெல்லாம் மூஞ்சியத் தூக்கி வச்சுருக்கும். அது நெசம்” என்றார். “சரி. ஞாயித்துக்கெழம ஒங்களுக்கு. ஆனா இந்தக் களத்துலயும் நாலு சுத்து ஓட்டிக் காட்டிட்டுப் போவணும். குதிரையில இப்பிடிச் சந்தோசமா இருக்கலாம்னு இதுவளும் பாக்கட்டும். நான் சொல்லிக் குடுத்து அது வராது.”

மற்ற குதிரைகளுக்கும் முறைவைத்து ஒரு ஓய்வு நாள் விடப் போவதாகவும் சொன்னார். என் அப்பா இருந்திருந்தால் அன்று கடற்கரையில் இறங்கி டீச்சருக்கு ஜே போட்டிருப்பார்.

சேணத்தை அவிழ்த்தேன். செவலை மணலில் படுத்துப் புரண்டு, எழுந்து, உதறி என்மேலெல்லாம் செம்மண் இறைத்தாள். அப்போது தலையில் பெரிய ஹெல்மெட்டோடு ஒரு சின்னப் பெண் வேலிக்குள் நுழைந்து வந்தாள். முன்பு என் கத்தலில் அழுதவள் அவள்தான். அவளை எனக்கு அடையாளம் தெரிந்தது, அவளுக்கு என்னைத் தெரியவில்லை. செவலை என்னைத் தாண்டிப் போய் அவள் ஹெல்மெட்டை மோந்தது. பிள்ளை அதன் கன்னத்தைத் தட்டிக்கொடுத்துவிட்டு, பெரிய மனுஷி மாதிரி என்னைப் பாராட்டினாள்.

“ஆன்ட்டி, எங்க குதிரைய நீங்க நல்லா ஓட்டுதிய.”

என் கோபத்தைத் தெரிந்த டீச்சர் அப்படியே நின்றுவிட்டார். நானும் காத்திருந்தேன், வரும் என்று. வரவில்லை.

“ஆமா ஏளா, ஒங்க குதிரதான்” என்றேன். “என்னயும் ஏத்திக்கிடுது பாரேன்.”